தடுமாறும் பிஜியோடு ஒரு 20 நிமிடம் நின்று பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பிஜி டாக்டர்களும் (எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, வார்டில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிப்பவர்கள்), அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், ஒரு அம்மாவும் அனுப்பிய கேள்விகள் இவை. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன், கேட்டவர் யார் என்பது மட்டும் ஒவ்வொரு கேள்வியின் கடைசியிலும் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. மெடிசின் யூனிட்டில் பிஜிக்களோடு பல வருடம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் யூனிட்டில் முதல் வருட பிஜி ஒருவர். நல்ல ரேங்க் வாங்கி வந்தவர்தான், ஆனால் வார்டு ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேஸைச் சொல்லச் சொன்னால் உளறுகிறார். திட்டியும் பார்த்தாச்சு, தனியாகக் கூப்பிட்டு அறிவுரையும் சொல்லியாச்சு. 'வீக் கேண்டிடேட்' என்று பேராகிவிட்டது. என்ன செய்யலாம்? (உதவிப் பேராசிரியர், தருமபுரி)

உங்களிடம் ஒருவர் காய்ச்சல் என்று வந்தால் 'காய்ச்சல்' என்றே டயக்னோசிஸ் எழுதி அனுப்புவீர்களா? டெங்குவா, ஸ்க்ரப் டைஃபஸா, மலேரியாவா என்று தேடுவீர்கள் இல்லையா. 'வீக்' என்பதும் அப்படித்தான், அதற்குள் நாலைந்து காரணம் ஒளிந்திருக்கும். பாடமே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் கோர்த்துச் சொல்ல வராமல் இருக்கலாம். வேலையை வரிசைப்படுத்தத் தெரியாமல் இருக்கலாம். தூக்கமே இல்லாமல் இருக்கலாம், வீட்டில் ஏதாவது நடந்துகொண்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் ஒரு நோயாளியிடம் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேஸ் எடுப்பதை, அதாவது விவரம் கேட்டுப் பரிசோதிப்பதை, நீங்கள் ஒரு தடவையாவது கூட நின்று பார்த்தீர்களா? நம்மில் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. ரவுண்ட்ஸில் 3 நிமிடம் பேசுவதைக் கேட்கிறோம், மீதியெல்லாம் சீனியர் பிஜி சொன்னது, நர்ஸ் சொன்னது, போன யூனிட்டில் சொன்னது.

என்னிடம் அப்படி ஒரு பையன் இருந்தான், ரவுண்ட்ஸில் வாயே திறக்க மாட்டான். ஒரு நாள் காலையில் பென்னாகரம் பக்கமிருந்து ஒரு கூலித் தொழிலாளியைத் தூக்கி வந்தார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, அப்புறம் எச்சில் முழுங்க முடியவில்லை, அவ்வளவுதான் கதை. நான் பேசாமல் பக்கத்தில் நின்றேன். இவன் முதலில் கேட்ட கேள்வியே "ராத்திரி எங்கே படுத்திருந்தீங்க?" என்பதுதான். தரையில். உடனே டார்ச் எடுத்து இமையைப் பார்த்தான், இரண்டு இமையும் இறங்கிக்கொண்டிருந்தன. கட்டுவிரியன் பாம்புக்கடி: ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், விஷம் ஏறினால் இமை இறங்கும். கடித்த தடமும் இல்லை, வீக்கமும் இல்லை, கட்டுவிரியன் கடியில் பல சமயம் அப்படித்தான் இருக்கும். எத்தனை பேர் இதை வயிற்று வலி என்று ஊசி போட்டு அனுப்பியிருப்பார்கள்! அதே பையன் 2 மணி நேரம் கழித்து ரவுண்ட்ஸில் இந்த கேஸைச் சொல்லும்போது, நோயாளியின் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததில் ஆரம்பித்து எங்கெங்கோ போய் நின்றுவிட்டான்.

ஆக, அவனிடம் அறிவு இருந்தது, கண்ணும் இருந்தது, சொல்லும் வரிசைதான் இல்லை. அதைப் பழக்கிவிடலாம். 2003-ல் அமெரிக்காவில் வோல்பா என்பவரும் சகாக்களும் 'ஸ்னாப்ஸ்' என்று ஒரு முறையை எழுதினார்கள். முதலில் கேஸைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று நோய்களைச் சொல்லி ஏன் இது, ஏன் அது இல்லை என்று தானே ஒப்பிட வேண்டும், சந்தேகத்தைத் தானே வாய்விட்டுக் கேட்க வேண்டும், என்ன செய்யப்போகிறேன் என்று சொல்ல வேண்டும், கடைசியில் தான் படிக்க வேண்டிய ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் இதை இன்னும் எளிதாக்கி, "முதல் வாக்கியத்தில் வயது, எத்தனை நாள், என்ன தொந்தரவு, நீ என்ன நினைக்கிறாய், இவ்வளவும் வரணும்" என்று மட்டும் சொன்னேன். தினம் ஒரு கேஸ், ரவுண்ட்ஸுக்கு முன்னால், தனியாக. இரண்டு மாதத்தில் ஆளே வேறு.

உங்கள் பிஜிக்கும் இதேதான் பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒரு நாள் 20 நிமிடம் கூட நில்லுங்கள், நடுவில் வாயைத் திறக்காதீர்கள், முடிந்ததும் அங்கேயே நன்றாகச் செய்த ஒன்றையும் மாற்ற வேண்டிய ஒன்றையும் சொல்லுங்கள். ஏழு எட்டு விஷயத்தைக் கொட்டினால் ஒன்றும் மனசில் நிற்காது.

கேஷுவால்டியில் ராத்திரி டியூட்டி என்றாலே கை நடுங்குகிறது. என்னோடு சேர்ந்தவர்கள் 4 கேஸ் பார்க்கும் நேரத்தில் நான் ஒன்று பார்க்கிறேன், விட்டுப்போனதை நினைத்து ரூமுக்குப் போயும் தூக்கம் வருவதில்லை. 30 மணி நேரம் தாண்டினால் எதுவுமே ஞாபகம் இருப்பதில்லை. நான் இதற்கு லாயக்கில்லையோ? (முதல் வருட பிஜி, ஊத்தங்கரை)

30 மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் ஞாபகம் இருக்காதும்மா. உங்களோடு சேர்ந்தவர்களுக்கும் இருக்காது, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பிஜி டாக்டர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டமே தொடர் டியூட்டி வழக்கமாக 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளில் வார விடுமுறையும் வருடத்துக்கு 20 நாள் கேஷுவல் லீவும் உண்டு. 2024-ல் அதே ஆணையம் மாணவர் மனநலத்துக்காக அமைத்த குழு, வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள் என்று பரிந்துரைத்தது. வார்டில் நடப்பது வேறு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் லீவு கேட்கும்போது பிச்சை கேட்பது போல நிற்காதீர்கள், அது உங்களுக்கு உரியது.

வேகத்துக்கு வருகிறேன். நடு ராத்திரியில் உங்கள் தலையை நம்பாதீர்கள், தாளை நம்புங்கள். நம் மாவட்டங்களில் பூச்சி மருந்து குடித்த கேஸ் இல்லாத ராத்திரி குறைவு. அதற்கு மாற்று மருந்தான அட்ரோபின் கொடுக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒரு தடவை நெஞ்சைக் கேட்டு, நாடி, பிபி பார்த்து, போதவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொண்டு பக்கத்து பெட்டுக்குப் போனால் கண்டிப்பாகத் தவறும். ஒரு தாளில் நேரம், டோஸ், நெஞ்சு, நாடி, பிபி என்று கட்டம் போட்டு பெட்டிலேயே மாட்டுங்கள், நர்ஸும் உங்களைக் கூப்பிடுவார். பாம்புக்கடிக்கும் ஒரு தாள், 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை வைத்த நேரம் முதல் வரியில் இருக்கட்டும்.

டியூட்டி மாற்றிவிடும்போதும் வாயால் சொல்லிவிட்டு ஓடாதீர்கள். யார் சீரியஸ், என்ன ரிப்போர்ட் வர வேண்டும், இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, வருபவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அமெரிக்கா, கனடாவில் டாக்டர்கள் குழந்தை நல மருத்துவம் பயிலும் 9 ஆஸ்பத்திரிகளில் 'ஐ-பாஸ்' என்ற பெயரில் இதைப் பழக்கினார்கள், தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-ல் வெளியிட்டார்கள். விட்டுப்போனதை நினைத்து விழித்திருப்பதும் பாதி குறையும்.

இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் கை நடுக்கம் போகவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

மாவட்ட ரெசிடென்சிக்காக (பிஜிக்கள் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டிய காலம்) 3 மாதம் தேன்கனிக்கோட்டை பக்கம் இருக்கிறேன். பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுகிறார்கள். எனக்குக் கம்யூனிகேஷன் சரியில்லை என்று கைடு சொல்லிவிட்டார். (இரண்டாம் வருட பிஜி)

அது கம்யூனிகேஷன் குறை இல்லை, மொழி தெரியாதது. மொழியை ஒரு மாதத்தில் வேலைக்குப் போதுமான அளவு பிடித்துவிடலாம். அங்கேயே வேலை செய்யும் நர்ஸ் அக்காவிடம் உட்கார்ந்து ஒரு 40 வாக்கியம் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கன்னடத்தில் "எஷ்டு தினதிந்த?", தெலுங்கில் "என்னி ரோஜுலுகா?", இரண்டுக்கும் எத்தனை நாளாக என்றுதான் அர்த்தம். கன்னடத்து 'நோவு' நம் ஊர் "வயிறு நோவுது" தான், தெலுங்கில் 'நொப்பி'. நீங்கள் தப்பாகப் பேசினாலும் பாட்டிகள் சிரித்துவிட்டு இரண்டு மடங்கு பேசுவார்கள்.

பாடத்தை மூன்று தடவை படித்தும் பிராக்டிகலில் ஃபெயில். மறுபடி எழுத 6 மாதம் இருக்கிறது. எப்படிப் படிப்பது? (கிருஷ்ணகிரி)

நாலாவது தடவை படிக்காதீர்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, மூடி வைத்துவிட்டு ஞாபகப்படுத்தி எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று ரோடிகரும் கார்பிக்கியும் 2006-லேயே காட்டிவிட்டார்கள். அதோடு நீங்கள் தோற்றது தியரியில் இல்லை, பிராக்டிகலில். வாரம் இரண்டு லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பார்த்துச் சொல்வது), கடிகாரம் வைத்து, உங்களைத் தெரியாத ஒரு ஆசிரியர் முன்னால்.

பிஜி ஒருவர் பார்க்காத பிபியை கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். கையும் களவுமாகப் பிடித்தேன். மன்னித்து விடலாமா? (இணைப் பேராசிரியர்)

இதை மேலே சொன்னவற்றோடு சேர்க்காதீர்கள். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், பொய் எண் ஒரு உயிரை எடுத்துவிடும். அன்றே தனியாக உட்கார வைத்து, தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தும் வாங்குங்கள். சில வாரம் அவர் எழுதுவதை யாராவது சரிபார்க்கட்டும். திரும்ப நடந்தால் துறைத்தலைவரிடம் போக வேண்டும். அடுத்த யூனிட்டுக்குச் சத்தமில்லாமல் தள்ளிவிடுவதுதான் நம்மிடம் உள்ள மோசமான பழக்கம்.

ஆனால் ஏன் செய்தார் என்றும் கேளுங்கள். நான் பிஜியாக இருந்த இடத்தில், "இன்னும் பார்க்கலை சார்" என்று ஒரு நாள் உண்மையைச் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் கேஸ் ஷீட் என் முகத்தில் விழுந்தது. அடுத்த வாரம் எண்ணாத நாடியை 84 என்று எழுதினேன். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் அந்த 84 இன்னும் என்னை விடவில்லை. உங்கள் யூனிட்டில் "பார்க்கலை", "தெரியலை" என்று சொல்ல முடிகிறதா? முடியாது என்றால் அந்தப் பிஜியைத் திருத்துவதோடு அதையும் திருத்த வேண்டும்.

மகள் இரண்டாம் வருடம் எம்.டி. படிக்கிறாள். தினம் போனில் அழுகிறாள், சாப்பிடுவதில்லை, "இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறாள். சீட்டை விட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்று அவள் அப்பா பயப்படுகிறார். (ஒரு தாய், பாலக்கோடு)

இந்த அம்மாவிடம் அன்றே பேசிவிட்டேன். மற்ற பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு, கேட்டால்தான் பாரம் இறங்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடக் கூடாது, அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், நீங்களும் கூப்பிடலாம். சீட், பாண்ட் (படிப்பை விட்டால் கட்ட வேண்டிய பணம்), ஊர், எல்லாம் அப்புறம். மெடிக்கல் லீவில் போனால் படிப்பு சில மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள். அப்பாவையும் அழைத்துக்கொண்டு இன்றைக்கே பஸ் ஏறுங்கள், ஹாஸ்டல் வார்டனிடம் சொல்லி இரண்டு நாளாவது வீட்டுக்குக் கூட்டி வாருங்கள், முதல் நாள் எதுவும் கேட்காமல் தூங்க விடுங்கள்.