தத்துப் பிள்ளை பதின்ம வயதில் "என்னைப் பெத்தவங்க யாரு?" என்று கேட்பது ஏன்?

இதற்கு வேர் தேடல் என்று பெயர். தன்னைப் பெற்றவர் யார், எந்தச் சூழலில் பிறந்தோம் என்று பிள்ளை தெரிந்துகொள்ள முயல்வது. தருமபுரிக்கு இது அந்நியமான கேள்வி இல்லை. வளர்க்க முடியாத பச்சிளம் குழந்தையைப் பெற்றோர் அரசிடம் ஒப்படைக்க வழி செய்தது தொட்டில் குழந்தைத் திட்டம். 1992-இல் சேலத்தில் தொடங்கிய அது 2001-இல் இங்கும் வந்தது. அன்றைய தொட்டில் குழந்தைகள் இன்று வளர்ந்தவர்கள்.

ஏன் அந்த வயதில்? ஐந்து வயதில் "உன்னை ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வந்தோம்" என்றால் போதும். பன்னிரண்டு, பதின்மூன்றில் "அப்போ அவங்க ஏன் விட்டாங்க?" என்று யோசிக்கும் அளவுக்கு மூளை வளர்ந்துவிடும். கண்ணாடி முன் நின்று "இந்த மூக்கு யாரோடது?" என்று பார்க்கும் வயதும் அதுதான். மற்ற பிள்ளைகளுக்கு அத்தை முகத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒட்டு மாங்கன்று வாங்குகிறவர் தாய்மரம் எது என்று விசாரிப்பார். தன் நிலம் பிடிக்காமலா கேட்கிறார்? பிள்ளை கேட்பதும் அப்படித்தான்.

2022 தத்தெடுப்பு விதிமுறைப்படி 18 வயதானவர் வேர் தேடலுக்குத் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழ் என்றால் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து. பெற்றவரின் அந்தரங்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பதால் எல்லா விவரமும் கிடைத்துவிடாது.

அப்புறம், பிள்ளை இப்படிக் கேட்டாலே நம்மை விட்டுப் போகப்போகிறது என்று பலர் பதறுகிறார்கள். கேட்பது தன் கதையைத்தான், வேறு வீட்டை அல்ல.