அப்பாவின் கிட்டாருக்குப் புது வர்ணம் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவர்கள். என் தந்தை கோயில் பாடகர் குழுவிலும் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளிலும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். அவர் காலமாகி ஆறு ஆண்டுகளாகின்றன. அன்றிலிருந்து ரெக்சின் உறைக்குள் பரண்மீது கிடந்த கிட்டாரை இப்போது எடுத்துப் பார்த்தால், கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன. வால்யூம் குமிழைத் திருகினால் கரகரவென்று இரைகிறது. கம்பியின் ஒலியைப் பிடிக்கும் இரண்டு பிக்கப்புகளில் ஒன்று ஒலிக்கவில்லை. அவர் கை உரசிய மேல்விளிம்பில் கறுப்பு வர்ணம் தேய்ந்து மரம் தெரிகிறது. செலவழிக்கத் தகுந்ததல்ல என்கிறார் கடைக்காரர். எல்லாப் பாகங்களையும் மாற்றிச் சிவப்பு வர்ணம் அடித்துவிடலாம் என்கிறான் தம்பி. என் மகன் இதைக் கிறிஸ்துமஸுக்கு வாசிக்க ஆசைப்படுகிறான். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைக்காரர் சொன்னது விற்பனைக் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் சொல்வது சரிதான். நீங்கள் கேட்பது வேறு கணக்கு என்பதால் அவர் பதிலை ஒதுக்கிவிடலாம். தம்பியின் யோசனையைத்தான் முதலில் தடுத்து நிறுத்த வேண்டும். இளவயதில் நானும் என் சித்தப்பாவின் கிட்டாரைப் புதிதாக்குவதாக நினைத்து உப்புத்தாளால் தேய்த்து மூன்று பூச்சு வர்ணம் அடித்தேன். அவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லி என்னிடமே கொடுத்துவிட்டார்; அதன்பின் அவர் அதை எடுத்து வாசித்து நான் பார்க்கவில்லை. உங்கள் தந்தையின் கை தேய்த்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வர்ணம் மேலும் உரிந்து வருமானால், அந்த விளிம்பில் மட்டும் வார்னிஷ் போன்ற நிறமற்ற லாக்கர் பூச்சை மெல்லியதாகத் தடவினால் போதும்.

உங்கள் ஊரில் இந்த வேலைக்கு உண்மையான எதிரி உப்புதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்கள் அரிக்கும் விதத்தை ஆராய உங்களுக்கு அக்கரையிலுள்ள மண்டபம் ஊரைத் தேர்ந்தெடுத்தது காரணமில்லாமல் அல்ல. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும், உலோகத்தின்மேல் படிந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. உறைக்குள் அடைபட்ட ஈரம் வெளியேற வழியில்லாததால், பாதுகாப்பு என்று நாம் நினைத்த உறையே அரிப்புக்கு இடம் கொடுத்துவிடுகிறது. ஆகவே உப்பை அகற்றாமல் அதன்மேல் எண்ணெய் பூசாதீர்கள். பழைய கம்பிகளைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் சுருதி சேர்க்கத் திருகும் ட்யூனிங் கீகளையும் துடைத்து, உடனே உலர்துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிக்கப்பிலும் உள் வயர்களிலும் ஈரம் படவே கூடாது. தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கிட்டாரின் அருகிலேயே வர வேண்டாம்.

ஒலிக்காத பிக்கப்பைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டியதில்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒலியைக் குறைத்து வைத்து, அந்தப் பிக்கப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் இரும்பு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தொடுங்கள். "டக்" என்று கேட்டால் அதற்கு உயிர் இருக்கிறது. கேட்காவிட்டால், விவரம் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் கொடுத்து, பிக்கப்பின் இரு வயர்களையும் கழற்றி மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பானால் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோ ஓம் வரை காட்டும். அப்படிக் காட்டினால் சுருள் நன்றாக இருக்கிறது, பழுது ஸ்விட்சிலோ ஈயப்பற்று விட்டுப்போன ஓர் இணைப்பிலோதான் இருக்கிறது என்று பொருள். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் சுருளின் கம்பி அறுந்திருக்கிறது. அதிலும் பல நேரம் சுருளின் தொடக்கத்திலோ முடிவிலோ, வெளி வயரோடு சேரும் இடத்தில்தான் அறுந்திருக்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பற்றவைத்துவிடலாம். உள்ளே அறுந்திருந்தால் புதிதாகச் சுற்ற வேண்டும். அந்தச் செப்புக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர், சுற்றுகளோ ஆயிரக்கணக்கில். மின்விசிறி மோட்டார் சுற்றுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதை அவரிடம் கொடுக்காதீர்கள். கிட்டார் பிக்கப் சுற்றுபவரையே தேடிப் பிடியுங்கள்.

வால்யூம் குமிழின் இரைச்சல் காண்டாக்ட் கிளீனரை உள்ளே தெளித்து, குமிழை இருபது முப்பது முறை திருப்பினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் குமிழுக்கு அடியிலுள்ள கண்ட்ரோலையும், ஆம்ப்ளிஃபயர் வயரைச் செருகும் ஜாக்கையும் தயங்காமல் மாற்றுங்கள். கம்பி, ஜாக், கண்ட்ரோல் ஆகியவை தேய்வதற்கென்றே இருப்பவை. உங்கள் தந்தையும் அவற்றை இடையில் மாற்றியிருப்பார். அவர் விரல் பட்ட குமிழ்களை மட்டும் புதிய கண்ட்ரோலின் மேல் பொருத்திவிடுங்கள். கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை இரும்புப் பஞ்சால் தேய்க்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். உதிரும் இரும்புத்தூள் பிக்கப் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே துருப்பிடிக்கும்.

மகன் வாசிக்கப் போவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கம்பிகள் உள்ளே எர்த் இணைப்போடு சேர்க்கப்பட்டிருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு முறையான எர்த் இல்லாமல் அதில் கசிவும் இருந்தால், மின்சாரம் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். தற்காலிக மேடையானாலும் மூன்று முள் பிளக், எர்த் உள்ள இணைப்பு என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே மகனை வாசிக்க விடுங்கள்.

நெக் எனப்படும் கழுத்துப் பகுதியின் வளைவைச் சரிசெய்யும் வேலையை மட்டும் இப்போது முடிக்க வேண்டாம். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையோடு நெக்கை இழுக்கின்றன. இத்தனை ஆண்டுகள் பரண் சூட்டில் கிடந்த மரம் ஐப்பசி மழையின் ஈரத்தில் மறுபடியும் அசையும். மின்வேலைகளை முன்பே முடித்து, 10 அளவுக் கம்பிகளை (மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம்) பூட்டி, சுருதி சேர்த்து, ஒரு மாதம் காற்றோட்டமான அறையில் வையுங்கள். கார்த்திகை பிறந்த பிறகு, வேலை தெரிந்தவர் ஒருவர் நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல் சரிசெய்தால், கிறிஸ்துமஸுக்கு மகன் கையில் கொடுத்துவிடலாம்.