ரப்பர், தென்னை, தைல மரம்: கிணற்றுத் தண்ணீரை இழுப்பது எது? குமரி மாவட்ட ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

அருமனை: சார், மேல் விளையில (மேட்டுத் தோட்டத்துல) ரப்பர் வச்ச பிறகு எங்க கிணறு பங்குனியில வத்துது. ரப்பர்தானே காரணம்?

ஒரு பங்கு அதற்கு உண்டு. மார்கழி, தையில் இலையை உதிர்க்கும் ரப்பர், கோடை மழைக்குக் காத்திராமல் மாசியிலேயே தளிர்க்கிறது. அந்தத் தளிருக்கான நீரை ஆழ வேர்தான் கொண்டுவர வேண்டும். சீனாவின் யுன்னானில் அளந்தவர்களும் இதையே கண்டார்கள். ஆனால் பழியை முழுசாக அதன் தலையில் கட்டுமுன் இரண்டு விஷயம் பாருங்கள். முன்பு அந்த விளையில் மரச்சீனி (மரவள்ளி) இருந்ததா, காடு இருந்ததா? சுற்றிலும் எத்தனை ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள்? காட்டை அழித்து வைத்ததென்றால் ரப்பர் கூடுதலாகக் குடிக்கிறது என்று சட்டென்று சொல்ல முடியாது.

குலசேகரம்: ஒரு மரம் நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்?

மரக் கணக்கு ஆளை ஏமாற்றும். சென்ட் கணக்குக்கு வாருங்கள். ஒரு சென்ட்டில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது 40 லிட்டர். மண்ணில் ஈரம் உள்ள நாளில் அடர்ந்த தோப்பு 3, 4 மில்லிமீட்டரை ஆவியாக விடும் என்று வையுங்கள். ஏக்கருக்கு 12,000 முதல் 16,000 லிட்டர். ரப்பர் ஏக்கருக்கு 200 நின்றால் மரத்துக்கு 60 முதல் 80 லிட்டர். அதே அளவு நீரை 70 தென்னைக்குப் பங்கு வைத்தால் மரத்துக்கு 170க்கு மேல் வந்துவிடும். உடனே தென்னைதான் குடிகாரன் என்று பேச்சு கிளம்பும். நிலம் இழந்ததோ ஒரே அளவுதான்.

ஆரல்வாய்மொழி: மானாவாரி நிலத்தில் தைல மரம் வைக்கலாமா? சிலர் ஆகாது என்கிறார்கள், சிலர் அது கட்டுக்கதை என்கிறார்கள்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. நீலகிரி கிளென்மார்கனில் புல்வெளியில் தைல மரம் வைத்து ஓடை நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டில் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறதல்லவா! கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் அளந்தபோது, அங்குள்ள இலையுதிர் காட்டைவிட அது கூடுதலாகக் குடிக்கவில்லை. பெங்களூர் பக்கத்து ஹோஸ்கோட்டேயிலோ ஆழமான மண். பெய்த மழையைவிட அதிகமாகவே இழுத்தது, அதாவது பழைய சேமிப்பில் கை வைத்தது. உங்கள் பக்கம் மழை குறைவு. பாறை மேலேயே இருந்தால் வேருக்கு எட்டுவது கொஞ்சம்தான். ஆழ மண்ணும் பக்கத்தில் குடிநீர்க் கிணறும் இருந்தால் நான் வைக்க மாட்டேன்.

திருவட்டாறு: தேக்கு?

கோடையில் இலை இல்லாமல் நிற்பதால் அப்போது இழுப்பது குறைவு. குறை வேறு இடத்தில். அந்தப் பெரிய இலையில் சேர்ந்து விழும் துளி கனமானது, அடியில் சருகும் புல்லும் இல்லையென்றால் மண்ணைத் தெறிக்க வைத்து அரிக்கும். சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள்.

தெங்கம்புதூர்: வயலைத் தூர்த்துத் தென்னையும் ஏத்தன் வாழையும் வைத்தால் தண்ணீர் மிச்சம்தானே?

மடையில் மிச்சம், கிணற்றில் நஷ்டம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் தேங்கிய நீரில் ஒரு பகுதி கீழே இறங்கி அக்கம்பக்கத்துக் கிணற்றுக்குப் போனது. ஏத்தன் வாழைக்குக் கோடையிலும் பாய்ச்சியாக வேண்டும், அதையும் அதே கிணற்றிலிருந்துதான் எடுப்பீர்கள்.

அருமனை (மறுபடியும்): அப்போ ரப்பரை வெட்டிட்டா ஊற்று திரும்புமா?

உடனே எதிர்பார்க்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு தைலத் தோப்பு, நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடையை முழுக்க வற்ற வைத்தது. 16 ஆண்டில் வெட்டினார்கள். நிலையான ஓட்டம் திரும்ப மேலும் ஐந்து ஆண்டு ஆனது. உங்களுடையது வயதான மரமென்றால் மறுநடவு வரை பொறுங்கள். அப்போது ஓடைக்கரையில் இரண்டு வரிசையை நடாமல் விட்டுவிடுங்கள். சரிவுக்குக் குறுக்கே பிளாட்பாரம் (படித்தளம்) வெட்டி, இடையிடையே மழைக்குழி எடுங்கள், மண்ணை மூடிப் படரும் மூடுபயிர் போடுங்கள். மேல் விளை வேறு ஆளுடையதென்றால் மறுநடவுக்குக் குழி எடுக்கும் முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.