கதவு பூட்ட மறுக்கிறதா? பூட்டைக் கழற்றுவதற்கு முன் கீலைப் பாருங்கள்

கேள்வி: ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் இரட்டைக் கண்ணாடி பதித்த யூபிவிசி (கடின பிளாஸ்டிக்) கதவும் ஜன்னல்களும் பொருத்தினோம். இப்போது கதவின் கைப்பிடியை இரு கைகளாலும் மேலே தூக்கினால்தான் பூட்டு விழுகிறது. மாலை வெயில் நேரத்தில் சாவி திரும்புவதே இல்லை. ஒரு ஜன்னலின் கைப்பிடி பிடிமானமின்றிச் சுற்றுகிறது. இன்னொரு ஜன்னல் கீல் பக்கத்து மூலையில் இடித்துக்கொண்டு முழுமையாக மூட மறுக்கிறது. பார்க்க வந்த ஒருவர், எல்லாவற்றையும் சட்டத்தோடு மாற்றிவிடுங்கள் என்கிறார். பழுதுபார்க்க வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது. நீங்கள் சொல்லியிருக்கும் மூன்று குறைகளில் எதற்கும் சட்டத்தையோ கண்ணாடியையோ மாற்றவேண்டிய அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை. இந்த வகைக் கதவுகளில் பூட்டு, கைப்பிடி, கீல் ஆகியவை ஸ்குரூ போட்டுப் பொருத்தப்பட்ட தனித்தனி உறுப்புகள். தேய்ந்ததைக் கழற்றி அதே அளவில் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று கண்டறிவதற்கு முன் எதையும் வாங்கிவிடாதீர்கள். பூட்டில் தெரியும் கோளாறு பெரும்பாலும் கீலில் பிறந்ததாக இருக்கும்.

முதலில் ஒரு சோதனை. கதவை அகலத் திறந்து வைத்து, அந்த நிலையிலேயே கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது எல்லாம் இலகுவாக இயங்கி, மூடியபின் மட்டும் இறுகுகிறது என்றால் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கதவு தொங்கிப்போனதால் அதன் கொக்கிகள் நிலையில் உள்ள நாதாங்கிக்கு நேராக வரவில்லை என்று பொருள். திறந்திருக்கும்போதும் இறுக்கமாகவோ கரகரவென்றோ இருந்தால் மட்டுமே பூட்டின் உட்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்தச் சோதனையைச் செய்யாமல் பூட்டை மாற்றிவிட்டு, புதிய பூட்டும் அதே போல இறுகுகிறதே என்று வருந்துபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓடும் உலோகப் பட்டையைக் கவனியுங்கள். கைப்பிடியைத் தூக்கும்போது அந்தப் பட்டைக்குப் பின்னாலுள்ள தண்டு நகர்ந்து, மேலும் கீழுமுள்ள கொக்கிகளையும் உருளைகளையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுகிறது. இத்தனையையும் இயக்குவது நடுவில் இருக்கும் கியர்பாக்ஸ் என்ற சிறு பெட்டிதான். கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொங்கினாலே கொக்கி நாதாங்கியின் துளைக்குள் நுழையாமல் அதன் விளிம்பில் மோதும். அப்போது நீங்கள் கைப்பிடியில் கொடுக்கும் பலம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிறு வார்ப்புத் துண்டின் மீது விழும். உடைந்த கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால், கைப்பிடியின் சதுரத் தண்டு நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் கீறல் விட்டிருப்பதையும், ஸ்பிரிங் இரண்டு துண்டாகக் கிடப்பதையும் காணலாம். ஒரே கதவில் மூன்று முறை கியர்பாக்ஸ் மாற்றப்பட்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்; மூன்று முறையும் ஒருவரும் கீலைத் தொட்டதில்லை. ஆகவே தயவுசெய்து இனி இரு கைகளாலும் தூக்காதீர்கள். சரிசெய்யும்வரை பூட்டியே ஆகவேண்டுமென்றால், கைப்பிடிப் பக்கத்தில் கதவின் அடிப்பகுதியை இன்னொருவர் சற்றே மேலே தாங்கிப் பிடிக்க, ஒரு கையால் மெல்லத் தூக்கிப் பூட்டுங்கள்.

கதவு எங்கே மோதுகிறது என்பதை நாதாங்கித் தகடே காட்டிக்கொடுக்கும். துளையின் கீழ் விளிம்பில் பளபளவென்று புதிதாகத் தேய்ந்த கீறல் தெரிந்தால் கதவு இறங்கியிருக்கிறது. தெளிவாகத் தெரியவில்லையென்றால் கொக்கியின் முனையில் சாக்பீஸ் தூளைப் பூசி ஒரு முறை பூட்ட முயன்று பாருங்கள். தூள் ஒட்டிய இடம் மோதும் இடம். அடுத்து, கதவை மூடிவைத்து நிலைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடைவெளியை நான்கு பக்கமும் பாருங்கள். கைப்பிடிப் பக்கத்து மேல்மூலையில் இடைவெளி விரிந்தும் கீழ்மூலையில் குறுகியும் இருந்தால் தொங்கல் உறுதி.

தொங்கலிலும் இரண்டு வகை உண்டு; இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கதவின் இரு மூலைவிட்டங்களையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கதவின் வடிவம் கெடவில்லை, கீல்தான் தளர்ந்திருக்கிறது. கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து பூட்டுப் பக்கத்துக் கீழ்மூலைக்குச் செல்லும் அளவு மற்றதைவிடக் கூடியிருந்தால் கதவுச் சட்டமே சாய்சதுரமாகச் சரிந்திருக்கிறது.

கீல் தளர்ச்சியைச் சரிசெய்வது எளிது. யூபிவிசி கதவுக் கீல்களில் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் துளைகள் தெரியும். ஒன்று கதவை மேலும் கீழும் நகர்த்தும், இன்னொன்று இடமும் வலமும் நகர்த்தும். சில கீல்களில் கதவை ரப்பர் பட்டையோடு அழுத்தும் மூன்றாவது சரிசெய்தலும் இருக்கும். முதலில் கீலின் ஸ்குரூக்கள் ஆட்டமில்லாமல் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் அரைச்சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் கதவை மூடிப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். உயரத்தைக் கூட்டும்போது கதவின் எடை ஒரே கீலில் தங்கிவிடாதபடி மற்றக் கீல்களையும் அதே அளவு திருப்ப வேண்டும். எத்தனை சுற்று திருப்பினீர்கள் என்று குறித்து வைப்பது நல்லது, தவறினால் பழைய இடத்துக்குத் திரும்ப அதுவே வழிகாட்டும்.

சட்டமே சரிந்திருந்தால் கீலை எவ்வளவு திருப்பியும் பயனில்லை, கண்ணாடியைத்தான் கவனிக்க வேண்டும். இதைப் பலர் நம்பத் தயங்குவார்கள். ஆனால் பெரிய கண்ணாடி உள்ள கதவில் சட்டத்தை நேராக நிறுத்தி வைப்பதே கண்ணாடிதான். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ எடை இருக்கும். 4 மி.மீ. கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஒன்றரைச் சதுர மீட்டர் கண்ணாடி உள்ள கதவு 30 கிலோவைக் கண்ணாடியாக மட்டும் சுமக்கிறது. அந்த எடை கீழ்க் கீலில் போய் இறங்கும்படி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும் பூட்டுப் பக்கத்து மேல்மூலையிலும் பிளாஸ்டிக் பேக்கிங் துண்டுகளை இறுக்கமாகச் செருகுவார்கள். முதலில் பொருத்தியவர் இதைச் சரியாகச் செய்யாவிட்டாலோ துண்டுகள் நழுவிவிட்டாலோ பூட்டுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து வைக்கும் பீடிங் பட்டைகளைக் கழற்றி, மேல்மூலையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடுதல் பேக்கிங் வைத்தால் கதவு கண்முன்னே நிமிர்வதைக் காணலாம். பேக்கிங் துண்டு இரண்டு கண்ணாடிகளின் கனத்தையும் சேர்த்துத் தாங்கும் அகலத்தில் இருக்கவேண்டும்; ஒரு கண்ணாடி மட்டும் தாங்கினால் இரண்டையும் இணைக்கும் பசை இழுபட்டு, நாளடைவில் உள்ளே நீராவி படியும். சட்டத்தின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளையும் அது மறைக்கக்கூடாது. டஃபன்ட் (கடினமாக்கிய) கண்ணாடியின் விளிம்பில் இரும்புக் கருவி பட்டால் முழுக் கண்ணாடியும் ஒரு நொடியில் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும் என்பதால், பழக்கமில்லாதவர் இந்த ஒரு வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மாலையில் மட்டும் சாவி திரும்பவில்லை என்று எழுதியிருப்பது முக்கியமான தகவல். யூபிவிசி ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் மீட்டருக்குச் சுமார் 0.07 மி.மீ. நீளும். இரண்டு மீட்டர் உயரக் கதவு 30 டிகிரி சூடேறினால், உள்ளிருக்கும் எஃகுப் பட்டை ஓரளவு கட்டுப்படுத்தினாலும், மூன்று நான்கு மில்லிமீட்டர் வரை நீளவும், வெயில் படும் பக்கமாக வளையவும் இடமுண்டு. அடர்நிறக் கதவில் இது இன்னும் அதிகம். காலையிலும் இறுக்கம் இருப்பதால் உங்கள் கதவு ஏற்கெனவே தொங்கியிருக்கிறது, வெயில் அதைக் கூட்டிக்காட்டுகிறது என்றே கருதுகிறேன். சரிசெய்யும் வேலையை உச்சி வெயிலிலோ விடியற்குளிரிலோ செய்யாமல் மிதமான நேரத்தில் செய்து, மறுநாள் மாலை மீண்டும் சோதியுங்கள்.

திறந்த கதவிலும் சாவி சிக்கினால், சாவி நுழையும் பகுதியான சிலிண்டரைத் தனியே கழற்றிப் பாருங்கள். கதவின் விளிம்பில் சாவித்துளைக்கு நேராக உள்ள நீண்ட ஸ்குரூவை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால், சிலிண்டரின் நடுவிலுள்ள நாக்கு உடலுக்குள் மறைந்து சிலிண்டர் வெளியே வரும். வெளியே எடுத்த பின்பும் சாவி சிக்கினால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. சுலபமாகச் சுழன்றால் குறை கியர்பாக்ஸில் உள்ளது. புதிய சிலிண்டருக்கு அளவெடுக்கும்போது மொத்த நீளம் மட்டும் போதாது. நடுவிலுள்ள ஸ்குரூத் துளையின் மையத்திலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியாக அளந்து 35/45 என்பது போலக் குறிக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் கைப்பிடித் தகட்டைவிட 3 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிலிண்டரைத் திருடர்கள் பிடித்து முறித்துவிட முடியும், அது ஸ்குரூத் துளை உள்ள மெலிந்த இடத்தில் உடையும். அதனால் மாற்றுவது என்று முடிவானால், முறிப்பைத் தாங்கும்படி வடிவமைத்த சிலிண்டரையே வாங்குங்கள். சாவித்துளைக்குள் தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதையும் விடாதீர்கள். தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். கிராஃபைட் தூளோ உலர் டெஃப்லான் ஸ்ப்ரேயோ போதும்.

கியர்பாக்ஸையே மாற்றவேண்டி வந்தால், கைப்பிடித் தண்டின் மையத்திலிருந்து சாவிச் சிலிண்டரின் மையம் வரையுள்ள தூரம் (92 மி.மீ. பரவலாகக் காணப்படும் அளவு), விளிம்புப் பட்டையிலிருந்து தண்டின் மையம் வரையுள்ள தூரம், பட்டையின் அகலம், பட்டையில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயர் ஆகிய நான்கையும் குறித்து, படமும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பல மாடல்களில் நீளப் பட்டையை விட்டுவிட்டு நடுப்பெட்டியை மட்டும் மாற்றலாம். கைப்பிடி கீழே தொங்கி நிற்பது மட்டுமே குறையாக இருந்தால், பெரும்பாலும் கைப்பிடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் உடைந்திருக்கும். உட்பக்கத்து ஸ்குரூ இரண்டையும் கழற்றினால் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

இனி உங்கள் ஜன்னல் கைப்பிடி. அதைச் சுற்றும்போது ஜன்னலின் விளிம்பில் உள்ள காளான் வடிவக் குமிழ்கள் மேலும் கீழும் நகர்கின்றனவா என்று திறந்து வைத்துப் பாருங்கள். நகர்ந்தால் கைப்பிடியின் ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அவை பெரும்பாலும் சிறு மூடியின் அடியில் மறைந்திருக்கும், மூடியைப் பக்கவாட்டில் திருப்பினால் தெரியும். குமிழ்கள் அசையவில்லையென்றால், கைப்பிடியைக் கழற்றி அதன் சதுரத் தண்டைப் பாருங்கள். விளிம்புகள் மழுங்கியிருந்தால் கைப்பிடியை மாற்றுங்கள். இல்லையென்றால் உள்ளே பல்லிணை தேய்ந்திருக்கிறது. மாற்றுக் கைப்பிடி வாங்கும்போது தண்டு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்ற அளவு மிக முக்கியம். ஜன்னல்களில் இந்தத் தண்டு பெரும்பாலும் 7 மி.மீ. சதுரமாகவும் ஸ்குரூ மையங்கள் 43 மி.மீ. தொலைவிலும் இருக்கும், ஆனால் நீளம் சட்டத்துக்குச் சட்டம் மாறும். குட்டையானால் பிடிக்காமல் சுற்றும், நெட்டையானால் கைப்பிடி சட்டத்தோடு படியாது.

மூடாத ஜன்னலில் இருப்பது சாதாரணக் கீல் அல்ல, கத்தரிக்கோல் போல மடங்கும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே. முதலில் அதன் தடத்தில் சேர்ந்திருக்கும் மண்ணையும் பூச்சிக் கூட்டையும் துடைத்தெடுங்கள். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடுவதுண்டு. காற்றில் ஜன்னல் நிற்காமல் அடித்துக்கொண்டால் தடத்தில் நகரும் கட்டையிலுள்ள பித்தளை ஸ்குரூவை இறுக்கினால் போதும். ரிவெட்டுகள் ஆட்டம் கண்டிருந்தாலோ தகடு வளைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும், அதுவும் மேலும் கீழுமாக இரண்டையும் சேர்த்து. ஸ்டேயின் நீளத்தோடு, மடங்கிய நிலையில் அதன் கனத்தையும் (பொதுவாக 13 அல்லது 17 மி.மீ.) அளந்துகொள்ளுங்கள், கனம் மாறினால் ஜன்னல் மூடவே மூடாது. படுக்கையறையில் ஆபத்து நேரத்தில் வெளியேறுவதற்காக அகலத் திறக்கும் ஸ்டே போட்டிருந்தால் அதே வகையையே திரும்பப் போடுங்கள். மேல்மாடி ஜன்னலில் ஸ்குரூக்களைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒருவர் ஜன்னல் கதவை இறுகப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும், கீழே நடமாட்டம் இருக்கக்கூடாது. தனியாக இருக்கும் நாளில் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாம் சரியான பிறகு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொக்கிகள், உருளைகள், கீல் இணைப்புகளில் இலேசான எண்ணெயும், ரப்பர் பட்டையில் சிலிகான் ஸ்ப்ரேயும் தடவுங்கள். கதவு பூட்டிய நிலையிலேயே கைப்பிடி செயலிழந்து திறக்க முடியாமல் போனால் நெம்பாமல் பூட்டுத் தொழிலாளியை அழையுங்கள். அவர் கதவைப் பிளக்காமல் கியர்பாக்ஸ் வழியாகவே திறந்துவிட முடியும். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதில் பொறித்திருக்கும் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, உதிரிச் சாவியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.