மகள் சிறப்புக் குழந்தைகளுக்கு உதவியாளராகப் போகலாமா? தண்டையார்பேட்டை அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா.

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், பக்கத்துத் தெருவில் உள்ள சின்னத் தொடக்கப் பள்ளியில் சிறப்புக் குழந்தைகளுக்கு உதவியாளராகக் கூப்பிடுகிறார்கள், அவளும் போயே தீருவேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "இத்தனை வருஷம் படிக்க வச்சது அடுத்தவங்க பிள்ளைக்குக் கழுவி விடவா?" என்ற உங்கள் கேள்வியில் கோபத்தைவிடப் பயம்தான் எனக்கு அதிகம் தெரிந்தது. நியாயமான பயம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அனுப்புங்கள். ஆனால் அவளுக்கு வேலை சொல்லிக்கொடுக்க அங்கே ஒரு சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அடுத்த வருஷம் டி.எட். சிறப்புக் கல்வி என்ற ஆசிரியர் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளிடம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும்.

கழுவி விடுவதும் இந்த வேலையில் உண்டு. அதை மறைக்க மாட்டேன். ஊட்டி விடுவது, டயப்பர் மாற்றுவது, சக்கர நாற்காலியிலிருந்து பெஞ்சுக்குத் தூக்கி உட்கார வைப்பது எல்லாம் உண்டு. ஆனால் நாளின் பெரும்பகுதி வேறு மாதிரி போகும். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் பள்ளி மணி அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்வான். மணி அடிக்கப் போகிறது என்று முன்னாடியே படம் காட்டி அவனைத் தயார் செய்ய வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் உள்ள பள்ளியென்றால் கண்டெய்னர் லாரி ஹாரனுக்கும் சேர்த்து யோசித்து, ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் பிடிக்க வேண்டும். "புக்கை எடு, பன்னிரண்டாம் பக்கம் திற, முதல் கணக்கைப் போடு" என்று டீச்சர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கற்றல் குறைபாடு உள்ள பெண் குழந்தைக்கு அதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் நல்ல மனசு மட்டும் போதாது, பயிற்சி வேண்டும்.

நல்ல மனசு உள்ள பெண்கள்தான் இந்த வேலையில் அதிகம் தடுமாறுவார்கள் என்றுகூடச் சொல்வேன். குழந்தைக்குப் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்துவிடுவார்கள். அவன் எழுத வேண்டியதை இவர்கள் எழுதுவார்கள், அவன் கேட்க வேண்டியதை இவர்கள் கேட்பார்கள். கொஞ்ச நாளில் மற்ற பிள்ளைகள் அவனோடு பேசுவதை விட்டுவிடுவார்கள். வகுப்பாசிரியரும் "அது உதவியாளரோட பிள்ளை" என்று கண்ணை எடுத்துவிடுவார். வகுப்பு நடக்கும், அவன் அதில் இருக்க மாட்டான். உதவி எப்போது விலக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பாடம். பென்சில் பிடிக்கத் தெரியாத குழந்தைக்கு முதலில் கைமேல் கை வைத்து எழுத வைக்கிறோம். அப்புறம் மணிக்கட்டை மட்டும் தாங்குகிறோம். அப்புறம் முழங்கையை லேசாகத் தொட்டால் போதும். கடைசியில் எழுத வேண்டிய கோட்டை விரலால் காட்டிவிட்டு இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டும். எந்தக் குழந்தைக்கு எந்த வாரம் எந்தப் படி என்பதைத் திட்டமாக எழுதித் தருகிறவர் சிறப்புப் பயிற்றுநர். அவர் இல்லாத பள்ளியில் உங்கள் மகள் வருஷக் கணக்கில் கைமேல் கை வைத்தபடியே இருப்பாள்.

இந்த வேலைக்கான தேவை குறையப் போவதில்லை. 1995-ம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அது அக்கம்பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது குழந்தையின் பக்கம். நம் வடசென்னைப் பகுதிக்கு இது ரொம்ப முக்கியம். சிறப்புக் குழந்தைகளுக்காக 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் மையம் தென்சென்னையில் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில். காசிமேட்டிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே போய் வரும் தாய், தன் வேலையை விட்டுவிட வேண்டியதுதான். தெருக்கோடியில் உள்ள தொடக்கப் பள்ளியே அந்தக் குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொண்டால், இரண்டு பேருடைய வாழ்க்கையும் மாறும். உங்கள் மகள் போக நினைக்கிற இடம் அது.

சம்பளம் குறைவு, அதையும் நேராகச் சொல்கிறேன். யார் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். பள்ளி கொடுப்பது ஒரு வகை. ஒரு குழந்தையின் பெற்றோரே கொடுத்து, அந்தக் குழந்தைக்கு மட்டும் ஷேடோ டீச்சராக வைத்துக்கொள்வது இன்னொரு வகை. இரண்டாவதில் குழந்தை பள்ளி மாறினால் அன்றோடு வேலையும் போகும். மே மாதம் சம்பளம் உண்டா, பணி ஆணை எழுத்தில் தருவார்களா, ஒரே ஆளுக்கு எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். ஆசிரியர் வராத நாளில் முழு வகுப்பையும் இவள் தலையில் கட்டுவார்களா, பள்ளியைப் பெருக்கச் சொல்வார்களா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். சின்னப் பள்ளிகளில் இது சகஜமாக நடக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். அவர் பல பள்ளிகளுக்குப் போகிறவர். இந்தப் பள்ளிக்கு எந்த நாள் வருகிறார் என்று தலைமையாசிரியரால் உடனே சொல்ல முடிந்தால் நல்ல அறிகுறி.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கழிப்பறைக்குக் கூட்டிப் போகும்போது இன்னொரு பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது குழந்தைக்கும் பாதுகாப்பு, உங்கள் மகளுக்கும் பாதுகாப்பு. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தைப் பற்றிப் பள்ளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதுவும் திணிக்கக் கூடாது, கையில் சாவி கொடுக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் 108. மூளை முடக்குவாதம் உள்ள எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைத் தப்பாகத் தூக்கினால் இருபது வயதிலேயே முதுகு போய்விடும். எப்படித் தூக்குவது என்று இயன்முறை மருத்துவரிடம் ஒரு தடவையாவது நேரில் கற்றுக்கொள்ளட்டும்.

இனி படிப்பு. டி.எட். சிறப்புக் கல்வி இரண்டு வருஷம். பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்றாலும் சேரலாம், 50 சதவீத மதிப்பெண் வேண்டும், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அறிவுசார் குறைபாடு, செவித்திறன், பார்வை என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இந்த ஒரு வருஷம் பள்ளியில் வேலை பார்த்தால் எது தனக்கு ஒத்துவரும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். முடித்ததும் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் சிறப்புப் பயிற்றுநராகப் பணிபுரிய 1992-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. மூன்று மாதத்தில் ஸ்பெஷல் எஜுகேட்டர் ஆக்குகிறோம் என்று பணம் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. ஆர்.சி.ஐ. இணையதளப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

படித்தாலும் வேலை கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்ற அளவை மத்திய அரசு 2022-ல் அறிவித்தது. அதற்கான பணியிடங்களை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. இன்றைக்குப் பள்ளிகளுக்கு வந்து போகிற சிறப்புப் பயிற்றுநர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். அதனால் நாளைக்கே அரசு வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவு எண் வைத்திருப்பவரைத் தேடுகிற தனியார் பள்ளிகளும் தெரபி மையங்களும் இருக்கின்றன. உதவியாளர் அனுபவத்தோடு வருகிறவருக்கு அங்கே மதிப்பும் உண்டு.

அவளிடம் தனியாக ஒன்று கேளுங்கள். குழந்தை கடித்தால், கன்னத்தில் அறைந்தால், பிராண்டினால் என்ன செய்வாள்? கோபமே வராது என்று சொன்னால் அவள் இன்னும் யோசிக்கவில்லை. "ஏன் அப்படிப் பண்ணான்னு பார்ப்பேன்" என்று சொன்னால் தைரியமாக விடுங்கள்.

இந்த வாரத்திலேயே நீங்களும் அவளோடு அந்தப் பள்ளிக்குப் போய் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். தலைமையாசிரியர் சொல்கிற பதில்களைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் அவள் பெயரின் எழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். மாறியிருந்தால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.