லவ்கிராஃப்ட் லைசென்ஸுக்கு 25,000 ரூபாயா?

கேள்வி: லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் திகில் கதைகளை வைத்து உருவான, ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் 'கால் ஆஃப் கதுலு' பகடை விளையாட்டை நண்பர்களோடு ஆடிப் பழகியதில், 1920களின் பாஸ்டனில் நடக்கும் சினாரியோ (ஆடுவதற்கான கதை) ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். பிடிஎஃப் ஆக விற்க ஆசை. லவ்கிராஃப்ட் கதைகளின் உரிமையை வாங்கித் தருவதாகச் சொல்லி ஓர் ஆலோசகர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஓர் உரிமையை விற்பதற்கு இன்று ஆளே இல்லை. லவ்கிராஃப்ட் இறந்தது 1937இல். எழுத்தாளர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பது இந்தியச் சட்டம். ஆக இங்கே அது எப்போதோ தீர்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 70 ஆண்டு, அதுவும் 2007 முடிவோடு சரி. அமெரிக்காவில் இந்தக் காலத்துக் கதைகளுக்கு, வெளியான ஆண்டைத்தான் பார்ப்பார்கள். விளையாட்டுக்குப் பெயர் தந்த கதுலு கதை 1928இல் பத்திரிகையில் வந்தது, 2024 பிறந்தபோது அங்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரே கதைக்கு ஊருக்கு ஒரு கணக்கு! எது முடிந்தது, எது முடியவில்லை என்று சாதாரண ஆள் எளிதில் தெரிந்துகொள்ள முடிவதில்லை. தரகர்கள் பிழைப்பதே இதனால்தான்.

அடுத்து அந்த ஆலோசகர், "உங்கள் சினாரியோவைப் பதிவு செய்தே ஆகவேண்டும்" என்பார். கட்டாயமே இல்லை. எழுதியபோதே உரிமை உங்களுடையது. பதிவு வேண்டுமென்றால் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிப்பார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கோப்பு எப்போது நகரும் என்று கேட்காதீர்கள். பணம் வாங்கும் ஏஜென்டாலும் அதை நகர்த்த முடியாது.

நீங்கள் பயப்பட வேண்டியது கதைக்கு அல்ல, விளையாட்டுக்கு. 1981இல் இதை வெளியிட்ட கேயாசியம் நிறுவனம் இன்றும் இருக்கிறது. விளையாட்டின் பெயரும் லோகோவும் அவர்களுடையவை. அட்டையில் போட்டு விற்க முடியாது. நூறு வரை பகடை உருட்டி, திறமை எண்ணுக்குள் விழுந்தால் வெற்றி, கோரத்தைக் கண்டால் மனநிலைப் புள்ளி குறையும் என்கிற விதிகளின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதை அவர்கள் எழுதியிருக்கும் வாக்கியங்களுக்கும் படங்களுக்கும் உண்டு.

பலர் மாட்டுவது இன்னொரு இடத்தில். விதிப் புத்தகத்தின் ஜந்துப் பட்டியலில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், எல்லாமே லவ்கிராஃப்ட் படைத்தது என்று தோன்றும். இல்லை. மண்ணைக் குடைந்து வரும் க்தோனியன்கள் பிரையன் லம்லி உருவாக்கியவை. அவர் இறந்ததே 2024இல்தான். ஏரிக்குள் கிடக்கும் கிளாக்கி, ராம்சே காம்ப்பெல் என்ற பிரிட்டன் எழுத்தாளர் 1960களில் எழுதியது. இவர்களுடைய உரிமை இன்னும் பல பத்தாண்டுகளுக்கு உயிரோடு இருக்கும். "பெயரை மட்டும்தான் எடுத்தேன்" என்று வாதாட இடமுண்டு. ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு வாதாடி என்ன பயன்? ஆகவே புத்தகத்தின் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். லவ்கிராஃப்டின் மூலக் கதையைத் திறந்து, அந்த ஜந்து அதில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றவர் பின்னால் ஒட்டிய கையும் காலும் வேண்டாம்.

அந்த விளையாட்டின் பெயரிலேயே விற்க வேண்டுமா? இப்படிப்பட்ட விளையாட்டுகளின் பிடிஎஃப்களை விற்கும் டிரைவ்த்ரூஆர்பிஜி தளத்தில் மிஸ்கடோனிக் ரெபாசிட்டரி என்று ஒரு பகுதி இருக்கிறது. நிறுவனமே அனுமதி தந்து நடத்துவது, முன்பணம் கிடையாது, விற்பனையில் பாதி உங்களுக்கு. முக்கியமான நிபந்தனை, அங்கே போட்டதை வேறெங்கும் விற்கக் கூடாது. அது கசந்தால், இதே பகடை முறையின் மூலமான பேசிக் ரோல்பிளேயிங் விதிகளைக் கேயாசியமே 2023இல் ஓஆர்சி என்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் விட்டிருக்கிறது. அதன்மேல் எழுதி, உங்கள் சொந்தத் தலைப்பில் விற்கலாம்.

ஒருவேளை முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், உரிமை தருபவர் யார் என்று பெயர் போட்டு, அவர் கையெழுத்தோடு ஒப்பந்த நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். வராது. வராத அந்தப் பதிலைக் காட்டியே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.