ஆளில்லாத ராட்டினம் ராத்திரியில் சுற்றுவது எப்படி?

கன்னியாகுமரிப் பக்கம் மூடிக்கிடக்கும் பூங்காவில் நள்ளிரவில் ராட்டினம் தானாகச் சுற்றுகிறது, பேய் தேடிப் போனவர்களின் மீட்டரிலும் விளக்கு எரிந்தது, இது நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் எந்த மாதம் என்று பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிக்கொண்டு பாயும். அந்தக் கணவாய்ப் பக்கத்து முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மாவா? ராட்டினத்தில் எதிரெதிர்த் தொட்டிகள் ஒன்றையொன்று சமன் செய்வதால், பிரேக் தளர்ந்திருந்தால் லேசான தள்ளலே போதும். கீழ்த்தொட்டிக்குக் காற்றை மதில் மறைக்கும்; உச்சித் தொட்டிக்கு மறைப்பே கிடையாது. மேலே மட்டும் தள்ளு விழுந்தால் சக்கரம் நகரத்தானே செய்யும். துருப்பிடித்த அச்சு இருட்டில் ‘க்ரீச்’ என்றால் எனக்கும் வயிறு கலங்கும், அது வேறு விஷயம்.

அப்புறம் அந்த மீட்டர். அது காட்டுவது மின்காந்தப் புலத்தை. மின்சாரம் ஓடும் வயரோ, பக்கத்து ஆளின் செல்போனோ கிட்டே வந்தாலே எரியும். போன்களை அணைத்து, மெயினையும் இறக்கிவிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

புல்லரித்தது என்று அவர்கள் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் தான் கண்ட சாம்பல் உருவத்துக்கு, மின்விசிறி எழுப்பிய, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 19 முறை) அதிர்வே காரணம் என்று இங்கிலாந்தின் பொறியாளர் விக் டாண்டி 1998இல் எழுதினார்.